காதுக்குள் ஒரு காலடி

நின்ற பிறகும் ஒரு காலடி கேட்டது.

கீர்த்தனா டீ டம்ளரோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. மேசைமேல் லேப்டாப், சுவரில் காலண்டர், சாத்தியிருந்த ஜன்னலின் இடுக்கு வழியாகத் தரையில் விழுந்துகிடந்த மூன்று மணி வெயில். அவ்வளவுதான்.

புது இயர்போன் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டாள். இதுவரை அவள் போட்டதெல்லாம் காது மடலில் சும்மா தொங்குகிற பழைய வகை. இது காதுத் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்வது. நுனியில் சின்னக் காளான் குடைபோல மெத்தென்ற ரப்பர். மூன்று அளவில் மூன்று ஜோடி ரப்பர் டப்பாவில் இருந்தன. சின்னது வழுக்கி விழுந்தது, பெரியது வலித்தது, நடு அளவை மாட்டி விரலால் அமுக்கியதும் உலகத்தை யாரோ ஒரு பானைக்குள் போட்டு மூடியதுபோல எல்லாச் சத்தமும் போய்விட்டது.

அதற்காகத்தான் அவள் புருஷன் மணிவேல் அதை வாங்கிக் கொடுத்திருந்தான். அவர்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. கீழே இரண்டு கடை, மேலே குடித்தனம். மாதத்தில் ஒரு நாள், பௌர்ணமியன்று, அந்த வீட்டில் மனிதன் பேசுவது மனிதனுக்குக் கேட்காது. ஒரு ஒலிபெருக்கி அன்னதானத்துக்குக் கூப்பிடும், ஒன்று காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லும், கீழ்க்கடைக்காரர் கட்டியது விடியவிடியப் பக்திப் பாட்டு பாடும். அவற்றுக்கு அடியில் பல்லாயிரம் வெறுங்கால்கள் தார் ரோட்டில் தேய்கிற ஓயாத சரசரப்பு. கீர்த்தனாவின் வேலையோ காதால் செய்கிற வேலை. சென்னையில் ஒரு கம்பெனி அனுப்புகிற பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, வார்த்தை விடாமல் டைப் செய்து அனுப்பவேண்டும். இன்றைய பதிவு நாற்பது நிமிடம். ஏழு மணிக்குள் போயாகவேண்டும்.

"நல்லா உள்ள அமுக்கிப் போட்டுக்கோ. வெளிச் சத்தம் சுத்தமா கம்மியாயிடும்," என்று சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆட்களை ஏற்றிவர மணிவேல் காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தான். போகும்போது மாடிப்படிக் கம்பிக்கதவை வெளியே பூட்டினான். பூட்டாவிட்டால் கழிப்பறை தேடி யாராவது மேலே ஏறிவந்துவிடுவார்கள். இன்னொரு சாவி உள்ளே ஆணியில் தொங்கியது; கம்பிக்கு நடுவே கையை விட்டுத் திறந்துகொள்ளலாம்.

அவள் இயர்போனை இன்னும் லேப்டாப்பில் சொருகவில்லை. வயரின் மறுமுனை வயிற்றுக்குமேல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. டீயை ஒரு வாய் குடித்தாள். அது தொண்டையில் இறங்கும் சத்தம் கிணற்றில் வாளி விழுந்ததுபோல மண்டைக்குள் கேட்டது. சிரிப்பு வந்தது. மூச்சை இழுத்தாள், காற்று பெரிய குழாய்க்குள் போவதுபோல் போனது. ஓர் அடி வைத்தாள். தொம். இன்னொன்று. தொம். தன் உடம்பே ஒரு வீடாகவும், தான் அதற்குள் குடியிருப்பதாகவும் தோன்றியது.

நின்றாள்.

தொம்.

அவள் இயர்போனைக் கழற்றினாள். பாட்டும் அறிவிப்பும் காலடிகளும் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தன. மணிவேலுக்கு ஃபோன் போட்டாள்.

"என்னங்க, இதப் போட்டா நான் நடக்கறது எனக்கே கேக்குது."

"அது அப்டித்தான் கேக்கும். காது அடைச்சிருக்கில்ல?"

"நின்னதுக்கப்புறமும் கேக்குதுங்க."

அவன் சிரித்தான். "புதுசில்ல, பழகிடும். அப்பா சாப்ட்டாரா?"

"ஆச்சு. தூங்கறாரு."

அப்பா என்றது அவள் மாமனார் கோதண்டராமனை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. உள்ளறைக் கட்டிலில் இருக்கிறார். எது வேண்டுமென்றாலும் இடது கையில் இருக்கும் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார். வேங்கிக்காலில் இருக்கிற அவர் மகள் அருணாதேவி மாதம் ஒருமுறை வந்து, அழுது, பழம் வைத்துவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் கீர்த்தனாதான்.

அவர் தூங்குவதை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இயர்போனை மாட்டி, வயரைச் சொருகினாள். பதிவில் நாலைந்து பேர் ஏதோ குளிர்பதனக் கிடங்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தெளிவாக அவள் எந்தப் பதிவையும் கேட்டதில்லை. ஒருவர் பேனா மூடியைத் திறப்பது கேட்டது. இன்னொருவர் பேசுமுன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது கேட்டது. விரல்கள் தாமாக ஓடின. அவர்கள் பேச்சு ஓய்கிற இடங்களில் மட்டும் அவளுடைய மூச்சு கேட்டது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. அதற்குப் பின்னால், சற்றே பிந்தி, அதைப் பார்த்து எழுதுகிற பிள்ளைபோல, இன்னொன்று.

எச்சிலை விழுங்கினாள். ஒரு சத்தம். பிறகு ஒரு சத்தம்.

பதிவை நிறுத்தி மூச்சை அடக்கினாள். அதுவும் அடக்கிக்கொண்டது. ஆனால் ஒரு கணம் பிந்தி அடக்கியது. அந்த ஒரு கணத்தில் அவள் கேட்டுவிட்டாள்.

பிடுங்கி மேசையில் போட்டாள். வெளிச் சத்தத்துக்கு நடுவே ஸ்பூன் சத்தம். டங் டங் டங் டங். எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாரோ. உள்ளே ஓடினாள். கட்டில் நனைந்திருந்தது. கிழவர் அவளைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இடது கண்ணோரம் ஈரம்.

"ஐயோ மாமா, காதுல கேக்கலை மாமா. மன்னிச்சுக்குங்க."

துணி மாற்றினாள். ரப்பர் விரிப்பைத் துடைத்தாள். கனமான அந்த உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டியபோது அவளுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. மூத்திர நாற்றமும் டெட்டால் நாற்றமும் மூக்கில் ஏற, 'இதுக்கு ஒரு முடிவே கெடையாதா' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் நல்ல மனுஷர். கல்யாணமான புதிதில், அவள் படிப்பு நின்றுபோகப் பார்த்தபோது, மகனிடம் சண்டைபோட்டு அவளைக் கல்லூரிக்கு அனுப்பியவர். தன் பஸ்ஸிலேயே முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப்போனவர். அவள் அவர் நெற்றியைத் துடைத்து, ஸ்பூனைக் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஐந்து மணி. பாதி வேலைகூட ஆகவில்லை. இயர்போன் இல்லாமல் கேட்டுப் பார்த்தாள். பாட்டு எல்லாவற்றையும் விழுங்கியது. வேறு வழி இல்லாமல் மறுபடி மாட்டினாள்.

இந்த முறை ஒன்றும் இல்லை. மூச்சு ஒன்றுதான். விழுங்கினால் ஒரு சத்தம்தான். எழுந்து கூடத்தில் நாலு அடி நடந்து நின்று பார்த்தாள். நாலு அடிதான் கேட்டது. மணிவேல் சொன்னது சரி, பழகிவிட்டது. ஒருமணி நேரம் நிம்மதியாக டைப் செய்தாள். அவளுக்குத் தெரியாமல் போனது இதுதான்: பின்னால் வந்தது நின்றுவிடவில்லை. அவளோடு சேர்ந்துவிட்டது.

ஆறு மணிக்கு அனுப்பி முடித்தாள். கிழவருக்குக் கஞ்சி வைக்க, இயர்போனைக் கழற்றாமலே, வயரை மட்டும் பிடுங்கி கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை கருத்துப்போய் நின்றது. அதற்குப் பின்னால் எங்கோ நிலா ஏறிக்கொண்டிருக்கவேண்டும். மலையைத் தாண்டித்தான் அது இந்தப் பக்கம் வரும்.

காதுக்குள் ஒரு தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. தட்டுகள் அடுக்கில் வரிசையாக இருந்தன. குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது அவள் முழங்கை மேடையிலிருந்த மூடித்தட்டில் பட்டது. அது விழுந்தது. உருண்டது. சுவரில் மோதி, சுற்றி, படுத்தது. சற்று முன்பு கேட்ட அதே சத்தம், அதே நீளம்.

லைட்டர் மூன்று முறை 'டிக்'கியது. அவள் லைட்டரை இன்னும் எடுக்கவே இல்லை.

எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். பிறகு கை வந்தது. தூக்கத்தில் கொசு கடித்த இடத்துக்குப் போகுமே, அதுபோல. லைட்டரை எடுத்தது. டிக். டிக். டிக். ஏற்றிவைத்திருந்த கஞ்சிப் பாத்திரத்துக்கு அடியில் அடுப்பு பற்றிக்கொண்டது.

இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் கைவைத்து இயர்போனை இழுத்தாள். இடது பக்கம் வந்தது. வலது பக்கமும் வந்தது. ஆனால் வலது பக்கத்து நுனி மொட்டையாக இருந்தது. ரப்பர் இல்லை.

ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

சுண்டுவிரலை விட்டாள். நுனியில் மெத்தென்று தட்டுப்பட்டது, நழுவியது. தலையைச் சாய்த்துக் கன்னத்தில் அடித்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி வளைத்து நெம்பினாள். அது உள்ளே போனது. இன்னும் உள்ளே. வலி மூளைவரை பாய்ந்தது. ஊசி நுனியில் ரத்தம். இடது காதில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. வலது காதில் அமைதி. அந்த அமைதியில் ஒரு மூச்சு. அவளுடையதைவிட நிதானமாக.

மணிவேலுக்கு ஃபோன் போட்டாள். ஐந்தாவது ரிங்கில் எடுத்தான்.

"சொல்லு கீர்த்தி. போலீஸ் வண்டிய உள்ள விட மாட்டேங்கறான். நான் வர பத்து மணியாயிடும்போல."

சொல்லவேண்டியதெல்லாம் நெஞ்சில் இருந்தது. உடனே வாங்க. எனக்கு பயமா இருக்கு. என் கை என்கிட்ட இல்ல. மாமாகிட்ட யாரையாவது அனுப்புங்க. வாயைத் திறந்தாள்.

வலது காதுக்குள் அவள் குரல் கேட்டது. சாதாரணமான, கொஞ்சம் சலித்த குரல். 'ஒண்ணுமில்லங்க. சும்மாதான் போட்டேன்.'

"ஒண்ணுமில்லங்க," என்றாள் கீர்த்தனா. "சும்மாதான் போட்டேன்."

"அப்பா?"

'நல்லா இருக்காரு. நீங்க நிதானமா வாங்க.'

"நல்லா இருக்காரு. நீங்க நிதானமா வாங்க."

பல்லை இறுகக் கடித்தும் சொற்கள் வெளியே வந்தன. அவன் ஃபோனை வைத்துவிட்டான். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது மட்டும் அவளுடையது.

வெளியே போய்விடவேண்டும். கூட்டத்துக்குள் இறங்கிவிட்டால் போதும். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். விபூதி, கற்பூரம், வேகவைத்த கடலை, வியர்வை. கம்பிக்கு நடுவே கையை விட்டாள். பூட்டைத் தொட்டாள்.

வலது காதில், தண்ணீரில் இரும்பு விழும் சத்தம். சின்னதாக. பொளக்.

"வேணாம்," என்றாள்.

இரண்டு கையாலும் சாவியை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்தது. பிடித்தபடியே நின்றாள். அப்போது ஒவ்வொரு விரலாக விரிந்தது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். படியோரத்துச் சாக்கடையில், பொளக்.

"அண்ணா!" என்று கத்தினாள். "அண்ணா, இங்க வாங்க! யாராவது வாங்க!"

கீழ்க்கடைப் பாட்டு அவள் குரலை அப்படியே அமுக்கியது. ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. அதிலிருந்த ஒரு பெண் கீர்த்தனாவின் வாயசைப்பைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தண்ணீர் பாட்டில் விற்கிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். நடந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு.

வலது காதில் காலடி கேட்டது. படியேறுகிற காலடி. தொம். தொம். பதினாறு படி.

கீர்த்தனா கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டாள். காதுக்குள் அது அவளை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. கூடத்தைக் கடந்தது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும் சீற்றம். அடுப்பை அணைக்கும் சத்தம். உள்ளறைக் கதவின் கீல். கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு துணி உரசும் சத்தம். பஞ்சு அமுங்கும் சத்தம், மெத்தென்று, நீளமாக. அதற்கு அடியில் ஒரு மூச்சு. வெளியே வர வழி தேடும் மூச்சு. கட்டில் கம்பியில் ஒரு குதிகால். மறுபடி. மெதுவாக. மறுபடி.

அதன்பின் எதுவும் இல்லை. வெகுநேரம் எதுவும் இல்லை.

பிறகு அவள் குரல். 'என்னங்க, சீக்கிரம் வாங்க. மாமா பேச்சு மூச்சில்லாம கெடக்கறாரு.' அழுகை. நிஜமான அழுகை. அருணாதேவிக்கும் அதையே சொன்னது. ஆட்கள் வரும் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம். 'புண்ணியவான், பௌர்ணமியில போயிட்டாரு. மருமவ தாங்கு தாங்குனு தாங்குச்சு,' என்று யாரோ ஒரு பெண்.

அதோடு ஓய்ந்தது.

அவள் கம்பியை இன்னும் இறுக்கினாள். புடவைத் தலைப்பால் கையைக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப்போட்டாள். பல்லால் இழுத்து இறுக்கினாள். பத்து எண்ணினாள். நூறு எண்ணினாள். முந்நூறு. மலை விளிம்பில் வெளுப்பு ஏறிக்கொண்டே வந்தது. மேலேயிருந்து கஞ்சி தீயும் வாடை அடித்தது. எதுவும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அப்போது பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது. அவள் விரல்கள் சேலைத் தலைப்பை நேர்த்தியாக இடுப்பில் செருகிக்கொண்டிருந்தன.

தொம்.

முதல் படி.

தொம்.

"மாமா," என்று கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை. இருட்டாகிப்போன கூடம். அடுப்பின் நீல நெருப்பு. கை அதை அணைத்தது. கீல் கிறீச்சிட்டது.

கிழவர் விழித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வந்த நிலா வெளிச்சம் அவர் பாதி முகத்தில் விழுந்திருந்தது. அவளைப் பார்த்ததும் நல்ல பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. மதியம் நடந்ததற்கு அவருக்குக் கோபமில்லை.

அவள் கண்ணால் சொல்லிப் பார்த்தாள். ஓடுங்க மாமா. கத்துங்க. என்னைப் பாருங்க. கண்ணும் கேட்கவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்தாள். கட்டில் முனகியது. அவள் கை அவர் தலையணையின் ஓரத்தைப் பற்றியது.

உறை மாற்ற வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கஷ்டப்பட்டு, தானே தலையைத் தூக்கிக் கொடுத்தார்.